பாத்ரூம்ல கேட்ட குறட்டை

சிங்கப்பூர்ல எங்க பிளாக் லிஃப்ட்ல கேபாட் பத்தி, அதாவது மயக்க மருந்து கலந்த வேப் பத்தி, ஒரு போஸ்டர் ஒட்டியிருக்காங்க. அக்கா மகன் செக்கண்டரி த்ரீ படிக்கிறான், பள்ளிக்கூடப் பையை முதுகுல மாட்டிக்கிட்டே அதப் படிச்சிட்டு "சித்தி, ஓவர்டோஸ்னா படத்துல வர்ற மாதிரி வாயில நுரை தள்ளுமா?"ன்னு கேட்டான். பன்னெண்டாவது மாடி வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கிற விஷயமா அது. "இல்லடா, குறட்டை விடுவாங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவன் சிரிச்சிட்டான், பக்கத்துல நின்ன ஆன்டியும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. வீட்டுக்கு வந்து சோறு வடிச்சிட்டு உக்காந்து இத டைப் பண்றேன், ஏன்னா இருபது வருசமா எங்க வீட்டுல இதப் பத்தி யாரும் வாயத் தொறந்ததில்ல, கல்யாண வீடு கருமாதி வீடுன்னு எங்க கூடினாலும் அந்த ஒரு ராத்திரிய மட்டும் எல்லாரும் சுத்திக்கிட்டுப் போயிடுவோம்.

2006, தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். பெரியம்மா வீடு ஈசூன்ல மூணு ரூம் ஃப்ளாட். அந்தக் கால எச்டிபி அரசாங்க வீட்டு பாத்ரூம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், கிச்சனுக்குப் பின்னாடி, மடக்குற பிளாஸ்டிக் கதவு, உள்பக்கம் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு தாப்பா. அண்ணன் உள்ள போய் அரைமணி நேரம் ஆச்சு. பெரியம்மா மகன், எனக்கு எட்டு வயசு மூத்தவன், எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தவன். தண்ணி சத்தம் இல்ல, குறட்டை மட்டும் கேக்குது. அதுவும் சாதாரண குறட்டை இல்ல, டம்ளர் அடியில மிச்சம் இருக்குற மைலோவ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா ஒரு களகளப்பு வரும்ல, அந்த மாதிரி. நடுவுல நீளமா ஒண்ணுமே இருக்காது, அப்பறம் மறுபடி ஒரு இழுப்பு. பெரியம்மா மிச்ச முறுக்க டப்பால அடுக்கிக்கிட்டே "அசதியில உக்காந்தபடியே தூங்கிட்டான் போல, விடு"ன்னாங்க.

நாங்களும் விட்டோம். பத்து நிமிசம் டிவி பாத்தோம்.

அந்த சத்தம் நின்னப்பதான் பெரியப்பா எந்திரிச்சுப் போய் கதவ ஒரு தள்ளு தள்ளுனாரு, அந்தத் தாப்பா ஒரு தள்ளுக்கே கழண்டு விழுந்துச்சு. சுவத்துல சாஞ்சு கெடந்தான். ஊசி காலுக்குப் பக்கத்துல. நாம கருப்பான ஆளுங்க, உதடு நீலமாயிடும்னு புத்தகத்துல போட்டிருக்குறது நம்ம தோல்ல அப்படித் தெரியாது, சாம்பல் பூசுன மாதிரிதான் தெரியும். நகம் அதே நிறம். கண்ண விரிச்சுப் பாத்தா கருவிழி நடுவுல இருக்குற புள்ளி கடுகு அளவுக்குச் சுருங்கிக் கெடக்கு.

இதுக்கு அப்பறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. பெரியப்பா கையில போன். 995 அடிக்கணும், மூணே நம்பர். அவரு அடிக்கல. "ஆம்புலன்ஸ் வந்தா பின்னாலயே போலீஸ் வரும், உள்ள போயிடுவான், வேலை போயிடும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்"ன்னு பெரியம்மா அழுவுறாங்க. ஒரு அத்தை தண்ணி தெளிச்சாங்க. ஒருத்தர் டாக்ஸியில போட்டு கிளினிக்குக்குக் கொண்டு போயிடலாம்னாரு, ராத்திரி பத்தரைக்கு எந்த கிளினிக். எத்தன நிமிசம் போச்சுன்னு எனக்குத் தெரியாது, கேட்டா ஒவ்வொருத்தரும் ஒரு கணக்கு சொல்லுவாங்க. இத்தனைக்கும் யாரும் கெட்டவங்க இல்ல. பெத்த புள்ள மேல உசுரையே வச்சிருக்குறவங்கதான் அந்தப் போனக் கையில புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

போன் போட்டது பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா. அழுகை சத்தம் கேட்டு வாசல் கேட் பக்கம் வந்து பாத்தாங்க, ஒரு கேள்வி கேக்கல, திரும்பி அவங்க வீட்டுக்குள்ள போய் அடிச்சிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல வந்த பொண்ணு, என்னவிட நாலஞ்சு வயசுதான் மூத்திருப்பா, அவன் வாயில மாஸ்க்க வச்சு காத்து அமுக்கிக்கிட்டே எங்களப் பாத்து "என்ன எடுத்தாரு? நான் போலீஸ் இல்ல, சொல்லுங்க"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. எங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லல. கடைசியில நான்தான் சொன்னேன், "சுபுடெக்ஸும் டோர்மிக்கமும்".

இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு சுபுடெக்ஸ் கதை தெரியாது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா நம்ம ஊரு போதைக் கொள்கை ஏன் இன்னிக்கு இப்படி இருக்குன்னு புரிஞ்சுக்க இதவிட நல்ல கதை கிடையாது. ஹெராயின் பழக்கத்துலேர்ந்து ஆள வெளிய இழுக்க புப்ரினார்ஃபின்னு ஒரு மருந்து இருக்கு, பிராண்டு பேருதான் சுபுடெக்ஸ். நாக்குக்கு அடியில வச்சா கரையும், உடம்பு முறுக்கல் அடங்கும், ஆள் வேலைக்குப் போகலாம். பிரான்ஸுல இத டாக்டருங்க எழுதிக் குடுக்க ஆரம்பிச்சு ஓவர்டோஸ் சாவு நல்லாவே கொறைஞ்சுச்சு. 2002ல இங்கயும் கொண்டு வந்தாங்க, சாதாரண கிளினிக்லயே எழுதிக் குடுக்குற மாதிரி. நெனப்பு நல்ல நெனப்புதான். ஆனா மாத்திரைய அங்கயே டாக்டர் முன்னாடி வாயில போடணும்னு கட்டாயம் இல்லாம கையில குடுத்து அனுப்பினா என்ன ஆகும்? பொடிச்சாங்க, தண்ணியில கரைச்சாங்க, நரம்புல ஏத்துனாங்க. கூடவே தூக்க மாத்திரை டோர்மிக்கம். அந்த ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா மூச்சு விடணும்ங்குறதையே மூளை மறந்துடும். மாத்திரைத் தூள் நரம்புல அடைச்சு கை கால் அழுகிப் போனவங்க உண்டு. சிராங்கூன் ரோட்டுப் பின்சந்துல வடிகால் ஓரமா ஊசி கெடந்தத நானே பாத்திருக்கேன், தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போற வழியில. 2006 ஆகஸ்ட்ல அத ஹெராயின் இருக்குற அதே ஏ வகுப்புப் பட்டியல்ல சேத்துட்டாங்க. அதோட அந்த வைத்தியம் முடிஞ்சுச்சு. ஒரு நாள் டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து, மறுநாள் வச்சிருந்தா கேஸு.

அதுக்கப்பறம் "மாத்து மருந்து"ன்னு யாராவது பேச்செடுத்தா போதும், இங்க உள்ளவங்க சுபுடெக்ஸத்தான் நெனப்பாங்க. நான் அவங்களக் குறை சொல்ல மாட்டேன், அந்த வருசங்கள நானும் பாத்தேன். ஆனா மருந்து தோத்துச்சா, இல்ல குடுத்த விதம் தோத்துச்சான்னு ஒரு கேள்வி இருக்குல்ல. எனக்கு ரெண்டாவதுதான்னு படுது.

போதைக் கடத்தலுக்கான தூக்கு தண்டனை பத்தி இங்க நான் எழுத வரல. அதப் பேச ரெண்டு பக்கமும் நெறைய பேர் இருக்காங்க, சத்தமாவே பேசுறாங்க. நான் பேசுறது மூச்சு நின்னு போன ஆளுக்கும் போனுக்கும் நடுவுல இருக்குற அந்த நாலு அடியப் பத்தி.

அண்ணன் பொழச்சான். ஆஸ்பத்திரி, அப்பறம் யூரின் டெஸ்ட், அப்பறம் டிஆர்சி, அதாவது போதைக்காரங்கள உள்ள வச்சுத் திருத்துற மறுவாழ்வு மையம். இங்க சட்டப்படி ஒரு டாக்டர், தான் பாக்குற ஆள் போதைக்கு அடிமைன்னு சந்தேகப்பட்டா 7 நாளைக்குள்ள அத மேல தெரிவிச்சாகணும், போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவான சிஎன்பிக்கும் தகவல் போகும். அதனால பெரியம்மா பயந்தது வெறும் பிரமை இல்ல, அதத்தான் நான் இத்தன வருசமா மனசுல போட்டு உருட்டிக்கிட்டிருக்கேன். பயம் நெசமா இருந்துச்சு, அந்த நெசமான பயம் கிட்டத்தட்ட ஒரு ஆளக் கொன்னுச்சு.

உள்ள போனவனுக்கு முதல் வாரம் கோல்ட் டர்க்கி. மருந்து கெடையாது, வாந்தி, பேதி, எலும்புக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்பான். 70கள்லேர்ந்தே இங்க அதுதான் வழி. 1971ல சிஎன்பி, 72ல போதை ஒழிப்புச் சங்கமான சானா, 73ல போதைப்பொருள் சட்டம், 77ல ஆப்பரேஷன் ஃபெரட்னு ஊர் முழுக்க அள்ளிக்கிட்டு போனாங்க, அத எங்க தாத்தா சொல்லுவாரு, கம்பம்னு சொல்ற பழைய கிராமத்துல பாதி வீட்டுல பையன் இல்லாம போச்சுன்னு. அந்தக் கண்டிப்பாலதான் நம்ம ஊரு மத்த ஊரு மாதிரி ஆகலன்னு அண்ணனே சொல்லுவான், ஊசி போட்ட ஆளே சொல்லுவான். நானும் ராத்திரி பதினோரு மணிக்கு தனியா பிளாக் கீழ்த்தள வாய்ட் டெக்ல நடந்து வர்றேன், அது சும்மா கிடைச்சதில்ல.

ஆனா அவன்கூட உள்ள இருந்த ஒருத்தரு, பேரு வேணாம். நல்லாப் பாடுவாராம். வெளிய வந்து அஞ்சாவது நாள் செத்துட்டாரு. தற்கொலை இல்ல, பழைய அளவ எடுத்தாரு, அவ்வளவுதான். இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நெனக்கிறேன். தெனம் எடுக்குற ஆளோட உடம்பு கொஞ்சங் கொஞ்சமா பழகி, நம்மளக் கொல்லுற அளவத் தாங்கும். மாசக்கணக்குல உள்ள சுத்தமா இருந்தா அந்தப் பழக்கம் போயிடும். மனசு மட்டும் பழைய அளவ ஞாபகம் வச்சிருக்கும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஜெயிலேர்ந்து வந்தவங்கள எண்ணிப் பாத்து 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, வெளிய வந்த முதல் ரெண்டு வாரத்துல ஓவர்டோஸால சாகுற வாய்ப்பு மத்த ஜனங்கள விட 129 மடங்கு. முதல் தடவ படிச்சப்ப அச்சுப்பிழைன்னு நெனச்சேன்.

நம்ம வீடுகள்ல அந்த ரெண்டு வாரம் என்ன நடக்குது? கோயில்ல அர்ச்சனை, ஆட்டுக்கால் சூப்பு, கைச்செலவுக்கு அம்பது வெள்ளி. "இனிமே ஒழுங்கா இரு"ன்னு எல்லா மாமாவும் ஒரு தடவ வந்து சொல்லிட்டுப் போவாங்க. அப்பறம் எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க, அவன் மட்டும் வீட்டுல. பழைய நம்பர் எல்லாம் மனப்பாடம். எங்க வீட்டுலயும் அப்படித்தான் நடந்துச்சு, 2008ல திரும்ப மாட்டினான்.

ரெண்டாவது தடவைல ஒரு வித்தியாசம் இருந்துச்சு. கடைசி மாசங்கள இந்து அறக்கட்டளை வாரியம் நடத்துற ஆசிரமத்துல இருந்து கழிச்சான். அது ஹாஃப்வே ஹவுஸ், பாதி வீடு பாதி விடுதி மாதிரி. காலையில பூஜை, பகல்ல வேலைக்குப் போகலாம், ராத்திரி நேரத்துக்குத் திரும்பிடணும். கால்ல கண்காணிப்பு டேக். முஸ்லிம் பையன்களுக்கு பெர்தாப்பிஸ், ஜாமியா, கிறிஸ்தவங்களுக்கு ஹைடிங் பிளேஸ், டீன் சேலஞ்ச்னு பல இடம் இருக்கு, 2019ல அரசாங்கமே செலராங்ல ஒண்ணு தொறந்துச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவ யூரின் குடுக்கப் போவான், வரிசையில நிக்கிறப்ப பழைய கூட்டாளியும் நிப்பான், அதுதான் பெரிய சோதனைன்னு சொல்லுவான், போதைய நிறுத்தச் சொல்லிட்டு போதைக்காரங்க எல்லாரையும் ஒரே வரிசையில நிக்க வைக்கிறாங்கன்னு. (இத அவன் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவான்.)

அப்ப அவனுக்கு இருந்த பயம் மூணாவது தடவ. போதைப்பொருள் சட்டப்படி மூணாவது தடவ மாட்டினா கொறைஞ்சது 5 வருசம் ஜெயில், 3 பிரம்படி. 2019ல இத மாத்துனாங்க, வேற குத்தம் எதுவும் இல்லாம எடுத்தது மட்டும்தான் குத்தம்னா மூணாவது தடவைக்கும் டிஆர்சிக்கே அனுப்பலாம்னு. எனக்கு அந்தத் திருத்தம் ரொம்ப முக்கியமாப் படுது. கடுமைய விட்டுக்குடுக்காமலே ஒரு அடி நகர முடியும்னு காட்டுச்சே.

பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உக்காந்தவ இப்ப கனடாவுல வான்கூவர்ல நர்ஸ். அவ சாவிக்கொத்தோட ஒரு கருப்புப் பை தொங்கும், கண்ணாடி வைக்கிற பொட்டி அளவுக்கு. உள்ள நலாக்ஸோன். ஹெராயின் மாதிரி ஓபியாய்டு மூளையில போய் உக்கார்ற நாற்காலியில இது போய் உக்காந்து அத எழுப்பி விட்டுடும், ரெண்டு மூணு நிமிசத்துல மூச்சு திரும்பும். ஆனா அரைமணியோ ஒரு மணியோதான் நிக்கும், அதனால போட்டுட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கணும். அந்த மாநிலத்துல 2012லேர்ந்தே சும்மா குடுக்குறாங்க. 2003லேயே ஊசி போடுறதுக்குன்னு நர்ஸ் மேற்பார்வையில இன்சைட்னு ஒரு இடம் தொறந்த ஊரு அது. 2017ல கனடா ஒரு சட்டம் போட்டுச்சு, ஓவர்டோஸுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டவன் மேல சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்தான்னு கேஸ் போடக்கூடாதுன்னு. "உங்க பெரியப்பா இங்க இருந்திருந்தா போன் அடிச்சிருப்பாரு"ன்னா.

அதே வாயாலதான், ஹேஸ்டிங்ஸ் தெருவுல புள்ளயக் கூட்டிக்கிட்டு நடக்க முடியலன்னும் சொன்னா. 2023 ஜனவரில 2.5 கிராம் வரைக்கும் வச்சிருந்தா கைது இல்லன்னு அங்க பரீட்சை பண்ணாங்க, மறு வருசம் மே மாசமே பொது இடத்துல மட்டும் திரும்பத் தடை போட வேண்டியதாப் போச்சு. ஹெராயினவிட பல மடங்கு வீரியமான ஃபென்டானில் வந்ததுக்கப்பறம் அவங்க ஒரு மழைய வாளி வச்சுப் புடிச்சுக்கிட்டிருக்காங்க. அந்த ஊர அப்படியே தூக்கிட்டு வந்து இங்க வைங்கன்னு நான் கேக்கல. இங்க அதிகம் ஓடுறது ஐஸ்னு சொல்ற மெத்தாம்ஃபெட்டமின், அதுக்கு நலாக்ஸோன் வேலையே செய்யாது. ஐஸ்ல நெஞ்சு படபடத்து, உடம்பு கொதிச்சு, புத்தி கலங்கிப் போறவங்களுக்கு வேற வைத்தியம். ஹெராயின் எடுக்குறவங்களும் இருக்காங்க, அவங்க வீட்டு அலமாரியில அந்தக் கருப்புப் பை ஒண்ணு இருந்தா என்னன்னுதான் கேக்குறேன். யார் வீட்டுலயும் இங்க நான் பாத்ததில்ல.

அப்பறம் அந்த ஒரு வரி. "கூப்பிடுங்க, கூப்பிட்டதுக்காகக் கேஸ் வராது"ன்னு ஒரு வரி. இங்க அதெல்லாம் நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். 2025ல கேபாட் பிரச்சனை பெருசா வெடிச்சுச்சுல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கம் குடுக்குற எட்டோமிடேட்ட வேப்ல கலந்து பசங்க எம்ஆர்டி ரயில்ல தள்ளாடிக்கிட்டு நின்ன வீடியோ எல்லாம் எல்லாரும் பாத்தோம். புடிச்சு சோதிச்ச நூறு வேப்ல மூணுல ஒண்ணுல அது இருந்துச்சு. 2025 செப்டம்பர் 1லேர்ந்து சி வகுப்பு போதைப்பொருளா ஆக்கிட்டாங்க. அபராதம், கட்டாய கவுன்சலிங், மாட்டிக்கிட்டே இருந்தா டிஆர்சி. எல்லாம் எதிர்பாத்ததுதான். ஆனா கூடவே என்ன செஞ்சாங்க? கம்யூனிட்டி கிளப்ல தொட்டி வச்சாங்க. போட்டுட்டுப் போ, யாருன்னு கேக்க மாட்டோம். தானா வந்து உதவி கேட்டா தண்டனை கிடையாது, பதிவும் கிடையாது. ஊருக்கே போஸ்டர் அடிச்சுச் சொன்னாங்க. பதினஞ்சு வயசுப் பையனுக்கு அந்தக் கதவத் தொறக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, பாத்ரூம்ல கெடக்குற நாப்பத்தஞ்சு வயசு ஆளோட அம்மாவுக்கும் ஒண்ணு தொறக்கத் தெரியாதா?

நம்ம ஆளுங்களுக்கும் சொல்றேன். ஜனத்தொகையில நாம இந்தியர்கள் நூத்துக்கு 9 பேருதான், போதைக் கைதுகள்ல நம்ம பங்கு அதவிடக் கூடுதல். இத பொதுவுல பேசினா மானம் போகுதுன்னு சொல்றாங்க. பேசாம இருந்தப்ப என்ன கிழிச்சோம்? புவாங்கொக் மனநல மருத்துவமனையில போதைக்குன்னே தனி சிகிச்சைப் பிரிவு இருக்கு, நாம்ஸ்னு சொல்லுவாங்க, 6732 6837ன்னு நம்பர். குடும்பத்து ஆளுங்களும் அங்க பேசலாம், எடுக்குறவன் வரமாட்டேன்னு அடம் புடிச்சாலும் நீங்க மட்டும் பேசலாம். இது பெரியம்மாவுக்கு 2006ல தெரிஞ்சிருக்க வழியில்ல, நாம்ஸே 2008லதான் வந்துச்சு. இப்ப இருக்கு.

யாராவது ஒருத்தர் அப்படிக் குறட்டை விட்டா தூங்கட்டும்னு விடாதீங்க. தோள உலுக்கிக் கூப்பிடுங்க, நெஞ்செலும்புல கைவிரல் முட்டிய வச்சு அழுத்தித் தேய்ங்க, எந்திரிக்கலன்னா 995. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாய்ல போகாது. மூச்சு இல்லன்னா போன்ல அவங்க சொல்றபடி செய்ங்க. தண்ணி தெளிக்காதீங்க, காப்பி ஊத்தாதீங்க. என்ன எடுத்தான்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட உள்ளபடி சொல்லிடுங்க.

அண்ணன் 2010 மார்ச்லேர்ந்து சுத்தம். லாரி ஓட்டுறான், பாசிர் பாஞ்சாங்லேர்ந்து காய்கறி ஏத்திக்கிட்டு விடியக்காலையில ஊர் சுத்துவான். கல்யாணம் ஆச்சு, ஒரு பொண்ணு, ஆறு வயசு. மக்சிக் இப்ப இல்ல. அவங்க இருந்த வரைக்கும் ஹரி ராயா பெருநாளுக்கு மொத ஆளா போய் நிப்பான், ஒண்ணும் பேச மாட்டான், குவே பலகாரம் சாப்பிட்டுட்டு அவங்க வீட்டு ஃபேன துடைச்சுக் குடுத்துட்டு வருவான்.

போன ஞாயித்துக்கிழம அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். குளிச்சிக்கிட்டிருந்தான், கதவு ஒருசாண் தொறந்து கெடந்துச்சு, உள்ள பழைய பாட்டு சத்தமாப் பாடிக்கிட்டிருந்தான், சுதி சேரவே சேராது. அண்ணி கருவாடு வறுத்துக்கிட்டே "பாருங்களேன், விருந்தாளி வந்திருக்காங்கன்னு கூட இல்ல"ன்னாங்க. புது வீடு, நல்ல மரக்கதவுதான், உள்பக்கம் தாப்பா இருந்த எடத்துல நாலு ஆணி ஓட்டை மட்டும் இருக்கு.